லெவல் பார்க்க உட்கார்ந்தவள்

"பதினொரு செகண்டுங்க. பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நிறுத்திட்டாங்க."

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், குரல் தேர்வு நடக்கும் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். மெதுவாகப் பேசினாலே பலகை அதிரும் குரல் அவருக்கு. அரை மணி நேரத்துக்கு முன்னால், இதே பெஞ்சில், தன் குரலைக் கேட்டு எதிரே வந்த லாரியே ஒதுங்கிப் போன கதையை மூன்று தடவை சொல்லியிருந்தார். இப்போது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏசி அறையிலிருந்து வருகிறவருக்கு எப்படி இப்படி வேர்க்கிறது என்று அவள் நினைத்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்ததும் அந்த நினைப்பை விட்டுவிட்டாள்.

"என்னதான் சொன்னாங்க?"

"என் குரல்ல மிரட்டல் இருக்காம். ஆஸ்பத்திரிக்கு வர்றவன் பாதி வழியிலேயே திரும்பிப் போயிடுவானாம். இருபது வருஷமா கிளட்ச்சை மிதி, பிரேக்கை மிதின்னு கத்தினவன் குரல்ல தாலாட்டா வரும்?" அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேம்மா. அந்தப் பொண்ணு சிரிச்சா நம்பிடாதீங்க. என்னைப் பார்த்து நல்லா சிரிச்சுட்டுத்தான் நிறுத்தினாங்க."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்து போனதும் கீழ்த்தளத்துப் பல் டாக்டரின் துளைக்கும் கருவி மட்டும் கேட்டது. அது ஓடும்போது அவள் தாடையும் தானாக இறுகியது. தாடை இறுகினால் சொல் இறுகும் என்று குரல் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வாயை அகலத் திறந்து மூடினாள். கொட்டாவி விடுவதுபோல் ஒரு தடவை, கோழி கொத்துவதுபோல் ஒரு தடவை. தெர்மாஸிலிருந்து வெந்நீர் ஒரு மூடி ஊற்றிக் குடித்தாள். குளிர்ந்தது எதையும் தொட்டுப் பத்து நாள் ஆகிறது.

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். அவளுக்கு மூன்று வயது இளைய தங்கை சின்னவள். நாற்பத்தோரு வயதிலும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. பெரியவளுக்கு வேலை, வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் புகார் வாங்குவது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர் அவளிடம் கோபப்படுவார்கள். தொண்ணூறு பேரையும் ஆற்றி, புகார் எண் கொடுத்து, வணக்கம் சொல்லி அனுப்பிவைப்பாள். அவர்களில் யாரோ ஒருவர், மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்று திட்டி ஓய்ந்த பிறகு, "உங்க குரல் நல்லா இருக்கும்மா, ரேடியோல பேசலாம் நீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்த பைத்தியம்தான் இது. இரண்டு வருஷம் வகுப்பு, பிறகு மைக், பிறகு வீட்டின் பின்னறையில் இருக்கும் ஆளுயர சுவர் அலமாரியைக் காலி செய்து, உள்பக்கமெல்லாம் போர்வை அடித்து, ஒரு ஸ்டூலைப் போட்டு அவளே உண்டாக்கிக்கொண்ட பதிவறை. ஒவ்வொரு பதிவுக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு: தேதி, எத்தனையாவது தடவை, என்ன குறை. கைப்பையில் அந்த நோட்டும், எல்லாப் பதிவுகளும் தேதிவாரியாக ஏற்றிய பென் டிரைவும் இருந்தன. மாதிரிக்கு ஆறு துண்டு கோத்த டெமோ ரீலை மட்டும் அனுப்பினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாதே என்று எல்லாவற்றையும் சுமந்து வந்திருந்தாள்.

புதிதாகத் திறக்கப்போகும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரே ஒரு குரல் வேண்டும். லிஃப்டில், வரிசை எண் கூப்பிடுவதில், போனில், காத்திருக்கும் கூடத்தில், எங்கும் அதே குரல். அறுநூறு வாக்கியம் முதலில், பிறகு மாதாமாதம் புதிது புதிதாக. வாரத்தில் மூன்று நாள் ஸ்டுடியோவுக்கு வந்தால் போதும். அந்த மூன்று நாள் என்ற கணக்கில்தான் அவளுடைய உயிரே இருந்தது. ஏனென்றால் பின்னறை அப்பாவுக்குப் பேசப்பட்ட அறை.

பக்கவாதம் வந்து அப்பாவுக்கு இரண்டே சொல்தான் மிஞ்சியது: சரி, இல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, "மூணே மூணு மாசம் நீ வச்சுக்கோ, ரீல் முடிச்சுட்டு நான் அழைச்சுட்டுப் போயிடறேன்" என்று பெரியவள்தான் சொன்னாள். பதினோரு மாதம் ஆகிவிட்டது. சின்னவளின் வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டு அப்பா படுத்திருக்கிறார். அவள் மகள் சமையலறையில் பாய் விரித்துப் படிக்கிறாள். மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குச் சின்னவள் பாதி நாள்தான் போகிறாள். ஆரம்பத்தில் மாதா மாதம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் பெரியவளைப் படுத்தியது. போன வாரம் அவளே போன் செய்து, "சனிக்கிழமை முடிவு தெரிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை அப்பாவை அழைச்சுட்டு வந்துடறேன், எப்படி ஆனாலும்" என்றாள். "சரிக்கா" என்றாள் சின்னவள். அப்பா சொல்வதுபோலவே இருந்தது அந்தச் சரி.

எப்படி ஆனாலும் புகார் வாங்கும் வேலையை விட்டாக வேண்டும். இந்த வேலை கிடைத்தால் மூன்று நாள் ஸ்டுடியோ, மீதி நாள் அப்பா. கிடைக்காவிட்டால் ஏழு நாளும் அப்பா. அப்பா இருக்கும் அறையில் டிவி ஓடும். அலமாரிக்குள் துணியும் மருந்தும் ஏறிவிடும். ரீல் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தாள்.

"அடுத்தவங்க வரலாம்."

அறை எதிர்பார்த்ததைவிடச் சிறியது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. எதிரே ஒரு கண்ணாடி. அதற்கு அப்பால் மைக்கும் நாற்காலியும் மட்டும் இருக்கும் பதிவறை. இப்பால் மேஜை, இரண்டு திரைகள், ஆள் தலை உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த சவுண்ட் இன்ஜினியர் தடித்த கண்ணாடி போட்ட ஐம்பது வயதுக்காரர். தலையை ஒரு அங்குலம் அசைத்தார். அதுதான் வணக்கம். குரல் தேர்வு செய்கிற டைரக்டருக்கு முப்பதுகூட இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பெரியவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உக்காருங்க மேடம். கேட்டுடலாமா?"

சிரித்தாயிற்று என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் துண்டு, பெயின்ட் விளம்பரம். அவள் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளையே பார்த்தாள். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. நிறுத்தவில்லை. இரண்டாவது, பள்ளிப் பாடம்: மழை எப்படி உண்டாகிறது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்பது, கடைக் கண்ணாடியில் தன் முதுகைத் திடீரென்று பார்ப்பதுபோல் இருந்தது. வீட்டில் பட்டுத்துணி மாதிரி கேட்ட இடமெல்லாம் இங்கே கஞ்சி போட்ட மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. டைரக்டரின் பேனா எதையும் எழுதவில்லை. இன்ஜினியர் காதைக் குடைந்துகொண்டார். மூன்றாவது, ஒரு கதையிலிருந்து நாலு வரி. பேனா மேஜையில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது. நிறுத்தப்போகிறாள்.

நான்காவது தொடங்கியது.

"கொஞ்சம் தாமதமாகிறது. எங்களுக்குத் தெரியும். உங்கள் முறை வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருங்கள். யாரும் உங்களை மறந்துவிடவில்லை."

பேனா நின்றது. இன்ஜினியரின் விரல் காதிலிருந்து இறங்கியது. பெரியவளுக்கு மட்டும் வேறொன்று காதில் விழுந்தது. 'யாரும்' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன ஓசை. எச்சில் விழுங்கும் ஓசை. அது அவளுடையது இல்லை. சின்னவள் முக்கியமான எதையும் சொல்வதற்கு முன்னால் அப்படித்தான் விழுங்குவாள். சிறு வயதில் பொய் சொல்வதற்கு முன்னாலும் விழுங்கி, அம்மாவிடம் மாட்டிக்கொள்வாள்.

இருவர் குரலும் ஒன்றுதான். பெற்ற அம்மாவுக்கே போனில் வித்தியாசம் தெரிந்ததில்லை. கல்யாணம் நிச்சயமான புதிதில் பெரியவளின் கணவர் சின்னவளிடம் பத்து நிமிடம் கொஞ்சிப் பேசிவிட்டு, அவள் "மாமா, அக்கா குளிச்சுட்டு இருக்கா" என்றதும் போனை வைத்து இரண்டு நாள் எடுக்காமல் இருந்தது குடும்பத்தில் நிரந்தரச் சிரிப்பு. ஆனாலும் இங்கே எப்படி வந்தது? ஐந்தாவதும் ஆறாவதும் ஓடி முடிந்தன. அவை அவள் காதில் விழவில்லை. ரீல் அனுப்பிய நாள் காலை நினைவுக்கு வந்தது. நான்காவது துண்டின் அடியில் எதிர்வீட்டு நாய் குரைப்பது அன்றைக்குத்தான் அவள் காதில் பட்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டே கணவரிடம் சொன்னாள்: அதே தேதி ஃபோல்டரில் நாய் இல்லாத பதிவு ஒன்று இருக்கும், அதில் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். பஸ்ஸில் ஒற்றைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டாள். நாய் இல்லை. நோட்டில் 'நாய் இல்லை' என்று எழுதி டிக் போட்டாள்.

"நாலாவதை மட்டும் திரும்பப் போடுங்க சார்" என்றாள் டைரக்டர்.

போட்டார். இன்னொரு தடவை என்றாள். போட்டார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மேடம், நேராவே சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க." மடக்கிய காலை இறக்கிக்கொண்டாள். "மத்த அஞ்சும் வேண்டாம். நல்லா படிக்கிறீங்க, உச்சரிப்பு சுத்தம், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நீங்க எல்லாரையும் சமாதானம் பண்றீங்க. யார்கிட்டயும் பேசல. இப்ப என்ன வேலை பார்க்கறீங்க?"

"கம்ப்ளெயின்ட் செக்‌ஷன். போன்ல."

"அதான். அந்தப் பக்கம் கத்தினாலும் கேட்காத மாதிரி ஒரு கண்ணாடி இருக்கு உங்க குரலுக்கு முன்னாடி." அவள் கையைக் குறுக்கே வைத்துக் காட்டினாள். "நாலாவதுல அது இல்ல. அதுல வேற ஆளா இருக்கீங்க. எதிர்ல ஒருத்தரை உக்கார வச்சுட்டு, அவங்களுக்காகப் படிச்சீங்களா?"

பெரியவள் கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். 

"அந்த வாக்கியம் யார் எழுதினது? மறந்துவிடவில்லைன்னு."

"நான்தான்."

அது உண்மை. அதைச் சொல்லும்போது குரல் தடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்காரங்க இதுக்குத்தான் மூணு மாசமா என் உயிரை வாங்கறாங்க" என்றாள் டைரக்டர். அவள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். "அவங்கதான். அஞ்சு நிமிஷம். வந்து உங்களை உள்ள உக்கார வைக்கிறேன். நாலாவது மாதிரியே ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க, போதும்."

பெரியவள் வெளியே வந்து மாடிப்படி வளைவில் நின்று கணவருக்குப் போன் செய்தாள். பல் டாக்டரின் துளைக்கும் கருவி சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு, நிறுத்திட்டாங்களா?"

"நாலாவதுக்கு எந்த ஃபைல் போட்டீங்க?"

"நாய் இல்லாதது. வாக்கியம் முடிஞ்ச இடத்துல வெட்டிட்டேன், நீதானே சொன்ன."

"அது யார் குரல்?"

"யார் குரல்னா? உன் குரல்தான்." அவர் சிரித்தார். "பின்ன யாரு, நாயா?"

"சின்னவ. மைக் லெவல் பார்க்க உக்கார வச்சேனே அன்னிக்கு. அதைத் தூக்கிப் போட்டிருக்கீங்க. அதைத்தான் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க. அதை மட்டும்."

 அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் யாரோ ஒட்டுக்கேட்பதுபோல. "இங்க பாரு. வாயைத் திறக்காத. யாருக்குத் தெரியப் போகுது? பதினெட்டு வருஷமா எனக்கே தெரியல. நீ உள்ள போய் அதே மாதிரி படிச்சுட்டு வா. அவ படிச்சா நீ படிக்க மாட்டியா?"

அவள் வைத்துவிட்டாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. வாக்கியம் அவளுடையது. அலமாரி, மைக், போர்வை, ஆறு வருஷம் எல்லாம் அவளுடையது. தொண்டை மட்டும்தான் இன்னொருத்தியுடையது. அதுவும் ஒரே அம்மா கொடுத்த தொண்டை. சுவரைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்: யாரும் உங்களை மறந்துவிடவில்லை. புகார் எண் கொடுப்பதுபோல் இருந்தது. எச்சில் விழுங்கிவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். எச்சில் விழுங்கிவிட்டுப் புகார் எண் கொடுப்பதுபோல் இருந்தது.

அந்தப் பதிவு எடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் சொல்லாமல் வந்திருந்தாள். பின்னறைக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள். "பேசலாம், ஒரு நிமிஷம் உள்ள உக்காந்து இதைப் படி, நான் லெவல் பார்த்துக்கிறேன்" என்று பெரியவள் தாளை நீட்டினாள். அலமாரிக்குள்ளும் இருந்துகொண்டு வெளியே லேப்டாப்பில் ஒலியின் அளவையும் பார்க்க முடியாது. யார் வந்தாலும் அந்த ஸ்டூலில் ஒரு தடவை உட்கார்ந்தே ஆகவேண்டும். பால் பாக்கெட் போட வந்த அம்மாள்கூட உட்கார்ந்திருக்கிறாள். சின்னவள் தாளை வாங்கி ஒரு தடவை மனதுக்குள் படித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படித்தாள். பெரியவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் ஏறினால் பட்டை மஞ்சளாகும், மீறினால் சிவப்பு. பட்டை ஒரு தடவைகூடப் பச்சையைத் தாண்டவில்லை. வெளியே வந்தபோது சின்னவளின் கண் சிவந்திருந்தது. "உள்ள புழுக்கம்" என்றாள். "கெளம்பறேன்க்கா, அப்பா தனியா இருப்பார்." பேச வந்தது என்ன என்று பெரியவள் கேட்கவில்லை. எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கும் முன் இரண்டு பதிவாவது எடுத்துவிடவேண்டும் என்ற அவசரத்தில் இருந்தாள்.

திரும்பி உள்ளே போனபோது டைரக்டர் இன்னும் வரவில்லை. இன்ஜினியர் மட்டும் இருந்தார். அவர் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நாலாவதோட 'ரா' கையில இருக்கா? சுத்தம் பண்ணாத ஃபைல். நீங்க மூச்செல்லாம் வெட்டியிருக்கீங்க. அவங்களுக்கு முழுசா அனுப்பணும்."

இல்லை என்று சொல்லலாம். வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். நாயோடு சேர்ந்த அவளுடைய பதிவைக் கொடுத்து, இதுதான் என்று சாதிக்கலாம். கைப்பைக்குள் விரல் பென் டிரைவைத் தொட்டது. வெட்டுவதற்கு முன்னால் இருந்த பதிவில் அந்த வாக்கியத்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவள் அதைக் கேட்டதே இல்லை. பச்சையாக இருக்கிறது என்று பார்த்தாள், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் அதைக் கேட்க வேண்டும் என்று ஒரு ஆசை, பசிபோல, அவளுக்குள் எழுந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் என்ற எண்ணம்கூட இல்லை அது. கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

"இருக்கு" என்றாள். நோட்டைப் புரட்டினாள். அந்தத் தேதியில் முதல் வரி அவள் கையெழுத்தில் இருந்தது: லெவல் – சின்னவள் – பச்சை. "அந்த ஃபோல்டர்ல முதல் ஃபைல் சார்."

டைரக்டர் உள்ளே வந்துகொண்டே, "போடுங்க, போடுங்க" என்றாள்.

கதவு சாத்தும் சத்தம். ஸ்டூல் இழுபடும் சத்தம். தாள் சரசரப்பு. பிறகு நீளமாக ஒன்றுமில்லாமை. போர்வைகளுக்கு நடுவில் ஒருத்தி மூச்சு விடுவது மட்டும் அறை முழுக்க நிறைந்தது. கொஞ்சம் தாமதமாகிறது. எங்களுக்குத் தெரியும். உங்கள் முறை வரும்வரை. விழுங்கல். யாரும் உங்களை மறந்துவிடவில்லை. மறுபடி மூச்சு, உடைந்து வெளியே வந்தது. அப்புறம், மிக அருகில், மைக்கைத் தொடும் தூரத்தில்:

"போதுமாக்கா?"

தொலைவில், கதவுக்கு வெளியே, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இன்னொரு குரல்: "ம்ம், பச்சையிலேயே இருக்கு. வெளில வா."

இன்ஜினியர் நிறுத்தினார். டைரக்டர் ஸ்பீக்கரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். இப்போது சிரிப்பு இல்லை.

"உள்ள இருக்கிறது யாரு?"

"என் தங்கச்சி."

"நீங்க?"

"வெளில." பெரியவள் நோட்டை மூடினாள். "லெவல் பார்த்துட்டு இருந்தேன்."

"ரீல் உங்க பேர்ல வந்திருக்கு மேடம்."

"தப்பு நடந்துபோச்சு. இங்க வந்து கேட்கிற வரைக்கும் எனக்கே தெரியாது. நீங்க நம்பலைன்னாலும் பரவாயில்ல."

"இப்ப நான் போன்ல என்ன பேசிட்டு வந்தேன் தெரியுமா? குரல் கிடைச்சாச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்தாள். "அவங்க நம்பர் சொல்லுங்க."

பெரியவள் சொன்னாள். இத்தனை வருஷப் பழக்கம், இரண்டிரண்டு இலக்கமாக, நடுவில் நிறுத்தி, எழுதுகிறவருக்கு நேரம் கொடுத்துச் சொன்னாள். கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் இன்னொரு தடவை சொன்னாள். மருந்துக்கடையில் சனிக்கிழமை மத்தியானம் கூட்டமாக இருக்கும், எடுக்காவிட்டால் இன்னொரு தடவை அடிக்கவேண்டும் என்றும் சொன்னாள். நோட்டைப் பையில் போட்டாள். தெர்மாஸைப் போட்டாள். பென் டிரைவைக் கேட்டு வாங்கவேண்டுமா, விட்டுவிட்டுப் போகவேண்டுமா என்று தெரியாமல் நின்றாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் இன்ஜினியர். திரையைப் பார்த்தபடியே பேசினார். "ரெண்டு பேருக்கும் ஒரே குரல்தானே? கேட்டா எனக்கும் வித்தியாசம் தெரியல. உயரமும் ஒண்ணா?"

"அவ ஒரு விரக்கடை குள்ளம்."

"அது போதும். அவங்க வந்தா உடனே ஆரம்பிக்கணும், ஆஸ்பத்திரிக்காரங்க கழுத்துல கத்தி வச்சிருக்காங்க. நீங்க உள்ள ஒரு தடவை உக்காந்து எதையாவது படிங்க. லெவல் போட்டு வச்சுடறேன்."

டைரக்டர் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. பெரியவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இருமலாக்கி அதை மறைத்தாள். பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கனத்த கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

கதவு மூடியதும் உலகம் நின்றுவிட்டது. பல் டாக்டர் இல்லை, ஏசி இல்லை, தெரு இல்லை. ஆறு வருஷமாகப் போர்வையும் ஆணியும் வைத்து அவள் தேடிய அமைதி இதுதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தன் மூச்சு தனக்கே கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் டைரக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பாதி திரும்பி நின்றிருந்தாள். மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்நேரம் மருந்துக்கடையில் சின்னவள் பில் மெஷினுக்குப் பக்கத்தில் அதிரும் போனைப் பார்த்து, தெரியாத நம்பர் என்று தயங்கிக்கொண்டிருப்பாள்.

"படிக்கலாம்மா" என்றது காதில் இன்ஜினியரின் குரல்.

தாள் எதுவும் இல்லை. தேவையும் இல்லை. திரை இரண்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. பட்டை எந்த நிறத்தில் இருக்கிறது என்று இங்கிருந்து பார்க்க முடியாது. தாளைப் படித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட ஒருத்தியை நினைத்தாள். பதினோரு மாதமாகக் கூடத்துக் கட்டிலில் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் இரண்டு சொல்காரரை நினைத்தாள்.

"கொஞ்சம் தாமதமாகிறது" என்றாள். "எங்களுக்குத் தெரியும்."

எங்களுக்கு என்ற இடத்தில் குரல் எங்கோ இடறியது. அதைச் சரிசெய்து மறுபடி தொடங்குவதுதான் அவள் வழக்கம். தொடங்கவில்லை. இடறிய இடத்திலிருந்தே மேலே போனாள். உங்கள் முறை வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருங்கள். யாரும். அதற்கு மேல் வருவதற்கு நேரம் பிடித்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை, கடிகாரம் அந்தப் பக்கத்துச் சுவரில் இருந்தது. யாரும் உங்களை மறந்துவிடவில்லை.

ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"போதுமா?" என்று கேட்டாள்.

இன்ஜினியரின் தடித்த கண்ணாடி வில்லைகளில் பச்சையாக ஏதோ ஒன்று இறங்கி அடங்கியது. அவர் திரையைப் பார்க்கவில்லை. டைரக்டரின் கையிலிருந்த போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் எங்கோ நின்றிருந்தது. அதிலிருந்து யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. நாலாவது துண்டைக் கேட்டபோது செய்ததுபோலவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.